உங்களுக்குத் தெரியுமா? கப்பலேறி வந்து கையைச் சுட்டுக்கொண்ட பாட்டு நாடகங்கள்!

ஆடிப் பாடி அள்ளிக் குவிக்கலாம் என்று ஊர் ஊராகக் கிளம்பிய நாடகக் கம்பெனிகள் எத்தனை! வெறுங்கையோடு மூட்டை கட்டியவை எத்தனை! பினாங்குத் துறைமுகத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்திருக்கிறோம். படித்துப் பாருங்கள், அசந்து போவீர்கள்!

கடை கட்டியது ஒரு கம்பெனி, பிறந்தது ஒரு கலை!

மலாய் மக்களின் புகழ்பெற்ற பாட்டு நாடகம் பங்சாவான். அது பிறந்த ஊர் எது? கோலாலம்பூர் இல்லை. சிங்கப்பூரும் இல்லை. நம்ம பினாங்கு!

அதற்கு வித்திட்டவர்கள் மலாய்க்காரர்களே இல்லை! 1870-களில் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பார்சி நாடகக் கம்பெனிகள்! ஊர் மக்கள் வைத்த பெயர் 'வாயாங் பார்சி'!

அந்த நடிகர்கள் பாடியது இந்துஸ்தானியில். மலாய்க்காரர்களுக்கு மொழி புரியாது. ஆனால் மெட்டு பிடித்துப் போனது. அந்த மெட்டுக்கு மலாயில் வார்த்தை கட்டிப் பாடத் தொடங்கிவிட்டார்கள்!

வந்த பார்சி கம்பெனி ஒன்று பினாங்கிலேயே கடையைக் கட்டியதாம். திரைச்சீலை, உடுப்பு, மேடைச் சாமான் எல்லாவற்றையும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டுப் போனதாம். நாடக வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. வாங்கியவர் பெயர் மாமாக் புஷி!

வாங்கிய சாமானைப் புஷி பரணில் போடவில்லை. 1885-ல் சொந்தக் கம்பெனி தொடங்கிவிட்டார். பெயர் 'புஷி இந்திரா பங்சாவான்'. அவர்கள் விட்டுப்போன திரை, இவர் தூக்கிய திரை!

மாமாக் என்றால் என்ன? நம் 'மாமா'தான்! இந்திய முஸ்லிம்களை மலாய்க்காரர்கள் அழைக்கும் அந்தச் சொல்லுக்கு வேர் தமிழ் என்கிறார்கள். மலாய் நாடகத்தின் முதல் முதலாளி பெயரிலேயே ஒரு தமிழ் உறவுமுறை!

அந்தக் கம்பெனியின் ராஜபார்ட் யார்? புஷியின் மருமகன் பை காசிம்! மாமனார் முதலாளி, மருமகன் கதாநாயகன். பின்னாளில் காசிம் நடித்த கம்பெனியை ஜனங்கள் 'வாயாங் காசிம்' என்றே கூப்பிட்டார்கள்!

புஷி பினாங்கில் மேடை ஏறிய அதே 1885. பம்பாயின் பெரிய பார்சி கம்பெனியான விக்டோரியா நாடகக் கம்பெனி லண்டனுக்கே நாடகம் போடப் போனது. விளைவு? பெரும் நஷ்டம்! ராணியின் பெயரை வைத்துக்கொண்ட கம்பெனி, ராணியின் ஊரிலேயே கையைச் சுட்டுக்கொண்டது!



பினாங்கு விதை, ஜாவா மரம்!

புஷியின் கம்பெனி படேவியாவுக்குப் போனது. இன்றைய ஜகார்த்தாதான் அது. அங்கே கலெக்‌ஷன் படுத்துவிட்டது! சாமான்களை ஜாஃபர் என்ற துருக்கியரிடம் விற்றுவிட்டார்கள் என்று சொல்லப்படுகிறது. நாடகச் சாமான் கைமாறியது இரண்டாம் முறை!

பங்சாவான் பாணியிலேயே 1891-ல் ஜாவாவின் சுரபாயாவில் எழுந்தது 'கொமெடி ஸ்தாம்பூல்' என்ற நாடகக் கம்பெனி. பெயர் இஸ்தான்புல் நகரத்தைச் சொல்கிறது. கதைகள் அரபு தேசத்து ஆயிரத்தொரு இரவுகள். நடத்தியவர் யூரேஷியரான அகுஸ்த் மாயூ. பணம் போட்டவர் சீனரான யாப் குவான் தாய். மேடையில் பேசியது மலாய். ஒரே கம்பெனி, எத்தனை தேசம் பாருங்கள்!

1926-ல் ஜாவாவின் சிடோஆர்ஜோவில் தொடங்கியது 'டார்டனெல்லா' என்ற புகழ்பெற்ற கம்பெனி. அதை நிறுவிய வில்லி கிளிமானோஃப் ரஷ்யக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்தது எங்கே தெரியுமா? பினாங்கில்!

டார்டனெல்லாவின் நட்சத்திரம் தேவி ஜா. நாடு நாடாக ஆடிக்கொண்டே அமெரிக்கா வரை போய்விட்டார். இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஊர் திரும்ப வழியில்லை! என்ன செய்தார்? சிகாகோவில் 'சாரோங் ரூம்' என்று ஒரு கேளிக்கை விடுதியே திறந்துவிட்டார்!

மேடைக்குப் பின்னால்…

அந்தக் காலப் பங்சாவான் நடிகர்களுக்கு எழுதிய வசனமே கிடையாது! கதைச் சுருக்கம் மட்டும் சொல்லிவிடுவார்கள். மீதியெல்லாம் மேடையில் நின்றபடி அவரவர் கட்டும் பேச்சு. நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தை அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள்!

நமக்கு ராஜபார்ட் என்றால் அவர்களுக்கு 'ஓராங் மூடா'. நமக்கு ஸ்திரீபார்ட் என்றால் அவர்களுக்கு 'ஸ்ரீ பாங்குங்'. பாங்குங் என்றால் மேடை. கதாநாயகிக்கு 'மேடையின் ஸ்ரீ' என்று பெயர் வைத்த ரசனையைப் பாருங்கள்!

அரண்மனை, நந்தவனம், காடு, தெரு என்று சீலையில் வரைந்த காட்சிகள் சில போதும். எந்த ஊர்க் கதையையும் போட்டுவிடுவார்கள். இன்று லைலா மஜ்னு, நாளை ஹாம்லெட். அரண்மனைச் சீலை ஒன்றேதான்!

காட்சி மாற்ற நேரமாகுமே? அந்த இடைவெளியில் பாட்டும் நடனமும் வேடிக்கையும் நடக்கும். அதற்குப் பெயர் 'எக்ஸ்ட்ரா டர்ன்'. நாடகம் சுமாராக இருந்தாலும் இதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் உண்டு!

கம்பெனிகள் விடாமல் போட்ட கதை 'இந்திர சபா'. 1853-ல் லக்னோவில் ஆகா ஹசன் அமானத் எழுதியது. 1932-ல் அது சினிமா ஆனபோது படத்தில் பாட்டு எத்தனை? சுமார் 70!

பினாங்கின் 'போரியா' கேள்விப்பட்டிருப்பீர்கள். முகரம் மாதத்தின் முதல் 10 நாட்களில் கூட்டம் கூட்டமாக வேஷம் கட்டி வீடு வீடாகப் பாடிய கலை. அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார் என்கிறீர்கள்? மதராஸ் பட்டாளத்துச் சிப்பாய்கள்!

நாடகக் கொட்டகையில் முன்வரிசை காலியாகக் கிடந்தால் முதலாளிக்கு வயிறு எரியும். ஆனால் பினாங்குச் சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருவோர மேடைகளின் முன்வரிசையை வேண்டுமென்றே காலியாக விடுகிறார்கள்! அந்த நாற்காலிகள் ஆவிகளுக்கு! ஆள் இல்லாவிட்டாலும் ஹவுஸ்ஃபுல் ஆகும் ஒரே வரிசை அதுதான்!

வெள்ளைக்காரக் கம்பெனிகளும் தப்பவில்லை!

மாரிஸ் பேண்ட்மேன் என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பிறந்தவர். கல்கத்தாவில் அலுவலகம். லண்டனில் ஓடிய பாட்டு நாடகங்களை மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றினார். அவர் கம்பெனிகளின் பாதை ஜிப்ரால்டரில் தொடங்கி ஜப்பானின் யோகோஹாமா வரை! வழியில் ஒரு நிறுத்தம் பினாங்கு!

பேண்ட்மேன் கம்பெனி ஓர் ஊரில் தங்கும் சில நாட்களில் ராத்திரிக்கு ராத்திரி வேறு வேறு நாடகம்! நேற்று பார்த்தவரையே இன்றும் வரவைக்கும் தந்திரம். சின்ன ஊரில் டிக்கெட் வாங்கும் வெள்ளைக்காரர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்!

அதே பேண்ட்மேன் பங்கெடுத்துக் கட்டியதுதான் பம்பாயின் ராயல் ஓபரா ஹவுஸ். 1911-ல் திறந்துவைத்தவர் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். இன்றும் நிற்கிறது!

1930. 'தி குவெயின்ட்ஸ்' என்ற, ஊர் சுற்றும் ஆங்கில நாடகக் கம்பெனி சிங்கப்பூருக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் பயணம் வந்த நாடக மேதை நோயல் கவர்ட், ஆசைப்பட்டு அவர்களோடு மேடை ஏறினார். மூன்றே காட்சிகள்! தான் நன்றாக நடிக்கவில்லை என்று பின்னால் அவரே ஒப்புக்கொண்டார்!

அந்தக் கம்பெனியில் இருந்த 22 வயது இளைஞர் ஜான் மில்ஸ். பின்னாளில் அவர் வாங்கியது ஆஸ்கர்!

கில்பர்ட்–சல்லிவனின் 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' இங்கிலாந்தில் முதன்முதலில் எங்கே மேடையேறியது? லண்டனில் இல்லை. 1879 டிசம்பர் 30-ல் பெய்ன்டன் என்ற சின்ன ஊரில்! நாடக உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள, ஊர் சுற்றும் நாடகக் கம்பெனி ஒன்றை அவசர அவசரமாக மேடையேற்றினார்கள். கையில் பாட்டுத் தாள். உடம்பில் வேறு நாடகத்து உடுப்பு. தலையில் கட்டிய கைக்குட்டைதான் கொள்ளைக்கார வேஷம்! நடந்தது ஒரே ஒரு காட்சி!

1943-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் ஒரு பாட்டு நாடகத்துக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். தேறாது என்று கைவிரித்தவர்கள் உண்டு. பெயரை மாற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் 'ஓக்லஹோமா'. ஓடிய காட்சிகள் 2,212!

பினாங்குக் கல்லறையில் ஒரு பிராட்வே கதை!

'தி கிங் அண்ட் ஐ' உலகப் புகழ்பெற்ற பாட்டு நாடகம். சயாம் அரண்மனையில் பாடம் சொல்லிக்கொடுத்த ஆனா லியோனோவன்ஸின் கதை. அந்த ஆனாவின் கணவர் எங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்? நம்ம ஜார்ஜ் டவுனில்!

அவர் பெயர் தாமஸ் லியோன் ஓவன்ஸ். 1859-ல் பினாங்கில் காலமானார். பழைய புரொட்டஸ்டண்ட் கல்லறையில் அவர் சமாதியை இன்றும் பார்க்கலாம். அவர் இறந்திராவிட்டால் ஆனா வேலை தேடிச் சயாம் போயிருப்பாரா? நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கு இந்தக் கதை கிடைத்திருக்குமா?

ஆனா பிறந்த ஊர் லண்டன் என்று நினைத்தீர்களா? இல்லை. மகாராஷ்டிரத்து அகமத்நகர்!

அந்த நாடகத்தில் சயாம் ராஜாவாக நடித்த யூல் பிரின்னர் அந்த ஒரே வேஷத்தை எத்தனை தடவை போட்டார்? 4,625!

ராஜாவின் சொந்த நாட்டில் மட்டும் கதவு திறக்கவே இல்லை! 1956-ல் வந்த திரைப்படத்துக்கு, சயாம் என்ற பழைய பெயர் கொண்ட தாய்லாந்தில் தடை. 1999-ல் இதே கதை 'ஆனா அண்ட் தி கிங்' என்று மறுபடி படமானபோதும் அங்கே அனுமதி இல்லை. மலேசியாவில் எடுத்தார்கள். சயாமாக வேஷம் போட்ட ஊர்களில் ஒன்று பினாங்கு!

ஊர் சுற்றிய கம்பெனி, ஊரில் விட்ட விதை!

1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் நாடகக் குழு சென்னைக்கு வந்து தெலுங்கில் நாடகம் போட்டது. 18 வயது இளைஞர் ஒருவர் போய்ப் பார்த்தார். அதே ஆண்டில் அவர் பங்கெடுக்கச் சுகுண விலாச சபா என்ற நாடக சபை தொடங்கிவிட்டது. அந்த இளைஞர்தான் பம்மல் சம்பந்த முதலியார். எழுதிய நாடகங்கள் 90-க்கும் மேல்!

குஜராத்தில் ஒரு சிறுவன் ஊருக்கு வந்த கம்பெனியின் 'அரிச்சந்திரா' நாடகத்துக்குப் போனான். தனியே இருக்கும்போதெல்லாம் அரிச்சந்திரனாகவே நடித்துப் பார்த்துக்கொண்டான். அந்தக் கம்பெனியின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அந்தச் சிறுவனின் பெயர் காந்தி!

வேஷக்காரர்கள் கட்டுக்கடங்காமல் போனால் கம்பெனி என்ன ஆகும்? படுத்துவிடும்! அதற்குத் தமிழ் மேடை கண்டுபிடித்த மருந்துதான் பாய்ஸ் கம்பெனி. 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார்!

அந்தச் சபையில் சேர்ந்த சிறுவன் டி.கே. சண்முகத்துக்காகச் சுவாமிகள் எழுதிய நாடகம் 'அபிமன்யு சுந்தரி'. எழுதி முடிக்க ஆன நேரம்? ஒரே இரவு!

பார்சி கம்பெனிகள் கொழும்பிலும் இறங்கின. அவை போன பிறகு முளைத்தது சிங்கள மேடையின் 'நூர்த்தி' என்ற பாட்டு நாடகம். அதற்காகவே 1911-ல் மருதானையில் எழுந்தது டவர் ஹால்!

தமிழகத்துக் கம்பெனிகள் யாழ்ப்பாணம் போய் ஆடிவிட்டு வந்தன. அங்கே தழைத்தது இசை நாடகம். காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து அரிச்சந்திரன் வேஷம் கட்டிய 'மயான காண்டம்' மட்டும் 3,000 தடவைக்கு மேல்!

1926-ல் இலங்கை மேடையில் சேர்ந்து நடித்த ஜோடி எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். அடுத்த ஆண்டே திருமணம். 1933-ல் கிட்டப்பா மறைந்தார். அதன்பின் எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்த சுந்தராம்பாள், 1935-ல் 'பக்த நந்தனா'ராக ஆண் வேஷமே கட்டினார். சம்பளம் 1,00,000 ரூபாய்!

கோடிகளைக் கொட்டினாலும்…

நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'பாம்பே ட்ரீம்ஸ்' 2002-ல் லண்டனில் தொடங்கி 2 ஆண்டு ஓடியது. 2004-ல் நியூயார்க்குக்குப் போனது. அங்கே 284 காட்சிகளோடு திரை விழுந்துவிட்டது!

அந்த நாடகத்தில் 'சைய்ய சைய்யா' என்ற இந்திப் பாட்டும் உண்டு. நமக்கு அது 'உயிரே' படத்துத் 'தைய தையா'! மெட்டு ஒன்று, மொழி இரண்டு!

ரஹ்மான் பங்கெடுத்த இன்னொரு பிரம்மாண்டம் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 2006-ல் டொராண்டோவில் மேடையேறியது. செலவு 2 கோடியே 80 லட்சம் கனடா டாலர்! நீளம் சுமார் மூன்றரை மணி நேரம்! ஓடியது 6 மாதம்கூட இல்லை!

விட்டார்களா? வெட்டிச் சுருக்கி 2007-ல் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். மேடையேறிய இடம் ட்ரூரி லேன் அரங்கம். அங்கே தாக்குப்பிடித்தது ஓராண்டும் கொஞ்சமும்!

ட்ரூரி லேன் என்றதும் லண்டன் மட்டும்தான் நினைவுக்கு வருகிறதா? ஜார்ஜ் டவுனில் கேம்பல் ஸ்ட்ரீட் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கேயும் ஒரு சின்னச் சந்து. பெயர்ப் பலகையில் ட்ரூரி லேன்!

அதே லண்டன் ட்ரூரி லேனில் 1989-ல் தொடங்கியது 'மிஸ் சைகோன்'. மேடையிலேயே ஹெலிகாப்டர் வந்து இறங்கும்! பின்னாளில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போன சிக்கனக் கம்பெனியில் ஹெலிகாப்டர் எங்கே? படமாகத் திரையில்! அதைப் பார்க்கவே டிக்கெட் வாங்கியவர்கள் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

'லே மிசராப்லா'வின் பெருமையே சுழலும் மேடைதான். ஒரு காட்சிக்கு 63 முறை சுற்றும் என்பார்கள். 25-ஆம் ஆண்டுச் சுற்றுலாவுக்குக் கிளம்பியபோது அந்தச் சுழல்மேடையைக் கழற்றிவிட்டார்கள். சுற்றுலா போனது நாடகம், சுற்றாமல் நின்றது மேடை!

'ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா' நியூயார்க்கில் ஓடிய காட்சிகள் 13,981. அதன் சரவிளக்கின் எடை 1 டன்! 2019-ல் அந்த நாடகம் மலேசியாவுக்கு வந்தது. இறங்கிய இடம் கோலாலம்பூரின் இஸ்தானா புடாயா. பினாங்கு ரசிகர்கள் 13.5 கிலோமீட்டர் பாலத்தைத் தாண்டிப் போய்த்தான் பார்க்க வேண்டியிருந்தது!

ஸ்ட்ரெய்ட்ஸ் கீயில் 2011-ல் திறந்த நம் பினாங்கு கலை அரங்கின் பெரிய மேடைக்கு முன்னால் இருக்கைகள் சுமார் 300. அந்த 1 டன் விளக்கு இங்கே வந்தால் எங்கே மாட்டுவது!

கடைசியாக ஒரு சங்கிலி!

மலாயில் எடுத்த முதல் பேசும் படம் 1934-ன் 'லைலா மஜ்னு'. இயக்கியவர் இந்தியரான பி.எஸ். ராஜ்ஹன்ஸ். நடித்தவர்கள்? பங்சாவான் மேடைக்காரர்கள்!

அதே ராஜ்ஹன்ஸ் 1948-ல் பினாங்குக் கரைக்கு எதிரே புக்கிட் மெர்தாஜாமில் ஓர் இளைஞன் பாடுவதைக் கேட்டார். சிங்கப்பூருக்கு வரவழைத்தார். அந்த இளைஞன் 1929-ல் பினாங்கில் பிறந்த பி. ரம்லி!

ரம்லியைக் கதாநாயகனாக்கிய முதல் படம் 1950-ன் 'பக்தி'. இயக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர்! மலாய்ப் படத்தின் தலைப்பும் நமக்குத் தெரிந்த சொல்!

எண்ணிப் பாருங்கள். பார்சி கம்பெனி கடை கட்டியது. புஷி திரை தூக்கினார். பங்சாவான் வளர்ந்தது. சினிமா வந்தது. ரம்லி கிடைத்தார். அந்தக் கம்பெனி மட்டும் லாபத்தோடு பத்திரமாக ஊர் திரும்பியிருந்தால்?

இன்னும் ஒன்று, இது நெஞ்சைத் தொடும்! மலாயில் கப்பலுக்கு என்ன பெயர்? 'காப்பால்'. நம் கப்பல்! தொழிலில் போடும் முதலுக்கு? 'மோடால்'. நம் முதல்! மேடையில் தொங்கும் திரைக்கு? 'திராய்'. நம் திரை!

கப்பலில் வந்தார்கள். முதலை இழந்தார்கள். திரையை விட்டுப்போனார்கள். பினாங்கின் மொத்த நாடகக் கதையையும் சொல்லி முடிக்க மலாய்க்காரர்களுக்கு வேண்டிய தமிழ்ச் சொற்கள் வெறும் 3!